பேர் சொல்லாமல் அனுப்பிய செய்தி

கத்திப் பேசிப் பழகியவன் நான். தோல் கம்பெனியில் டிரம் ஓட்டுகிற வேலை. டிரம் என்றால் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மரப் பீப்பாய். உள்ளே தோல், தண்ணீர், மருந்து. காலையில் சுற்ற ஆரம்பித்தால் மணிக்கணக்கில் சுற்றும். பக்கத்தில் நிற்கிற ஆளிடம் பேசுவதானாலும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். கொஞ்சம் தள்ளி நின்றால் கத்தியும் பிரயோஜனம் இல்லை. கைதான். உள்ளங்கையை விரித்தால் நிறுத்து. விரலைச் சுற்றினால் ஓட்டு. சரி என்பதற்குத் தலையாட்டல். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து எனக்கு இதுதான் பேச்சு.

அப்படிப்பட்ட என் கையில், பேசுகிற ரேடியோவைக் கொடுத்தார்கள்.

முதல் பயிற்சி வேலூரில், ஒரு கல்லூரி மைதானத்தில். ஞாயிற்றுக்கிழமை. சொல்லிக் கொடுக்கிற மேடம் அந்தக் கல்லூரியில் பாடம் எடுப்பவர். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். எங்களை மைதானத்தில் மூலைக்கு ஒருவராக நிறுத்திவிட்டு அவர் மாடி அறைக்குப் போனார். அங்கிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என் முறை வந்தது. "நான் பேசறது கேக்குதா?" என்றார். கேட்டது. தலையாட்டினேன். மறுபடியும் கூப்பிட்டார். கையைத் தூக்கிக் காட்டினேன். மறுபடியும் கூப்பிட்டார். கையை இன்னும் உயரமாகத் தூக்கினேன்.

பக்கத்து மூலையில் நின்ற காலேஜ் பொண்ணு ஓடி வந்தது.

"அங்கிள், மேடம் ரூமுக்குள்ள இருக்காங்க. நீங்க கையத் தூக்குனா அவங்களுக்கு எப்படித் தெரியும்? பட்டன அழுத்திப் பேசுங்க."

அழுத்தினேன். கத்தினேன். எல்லோர் கையிலும் இருந்த செட் கீச்சென்று அலறியது. மைதானமே சிரித்தது. கொஞ்ச நேரம் கழித்து மேடம் குரல் வந்தது.

"அண்ணா, செட்டு இல்லாமலே கேட்டுச்சு. ஓவர்."

அதற்கும் சிரித்தார்கள். நான் செட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காது சுட்டது.

எதற்குப் போனேன் என்று என் வீட்டுக்காரி கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளால்தான் போனேன். அதற்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் கரண்ட் போய், டவர் போய், யாருக்கும் போன் கிடைக்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவள் தங்கச்சிக்குப் பிரசவ நேரம். என்ன ஆச்சு என்று தெரியாமல் இவள் சாப்பிடாமல் கிடந்தாள். தாயும் பிள்ளையும் நன்றாகத்தான் இருந்தார்கள். தெரிவதற்குத்தான் வழி இல்லை. பிறகு ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ரேடியோ சங்கத்தின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. போன் இல்லாதபோதும் ரேடியோவில் பேசலாம், வெள்ளம் புயல் காலத்தில் உதவலாம், ஆள் வேண்டும், சம்பளம் கிடையாது. கீழே, படிப்பு தேவையில்லை என்று போட்டிருந்தது. அந்த வரிதான் என்னை இழுத்தது. நான் எட்டாவது.

படிப்பு தேவையில்லை என்றார்கள். பரீட்சை இருந்தது. அரசாங்கம் வைக்கிற பரீட்சை. பாஸ் ஆனால்தான் லைசென்ஸ், லைசென்ஸ் இருந்தால்தான் பயிற்சிக்கு வெளியே ரேடியோவில் வாய் திறக்கலாம். கேள்வி எல்லாம் இங்கிலீஷ். மேடம் தமிழில் விளக்கிச் சொல்வார், நான் இங்கிலீஷ் வரியின் உருவத்தைப் படம் மாதிரி மனதில் வைத்துக்கொள்வேன். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காருவேன். எவ்வளவு சோப்பு போட்டாலும் கம்பெனி வாசனை உடம்பை விடாது. முதல் நாள் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் நடுவில் ஜன்னல் ஓரம் மாறிப் போனார். வெயில் என்று சொன்னார். அன்றைக்கு வெயில் இல்லை.

பரீட்சைக்கு மெட்ராஸ் போனேன். அரக்கோணம் தாண்டுகிற வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே போனது, ஹாலில் பேப்பரைப் பார்த்ததும் ஒன்றும் இல்லாமல் போனது. முதல் தடவை பெயில். கூட வந்த காலேஜ் பொண்ணு பாஸ். வரும்போது ரயிலில் அது என்னிடம் ஒன்றும் பேசாமல் வந்தது. காட்பாடியில் இறங்கும்போது மட்டும், "அடுத்த தடவ வந்துடும் அங்கிள்" என்றது. அடுத்த தடவை வந்தது.

லைசென்ஸுக்கு முன்னால் விசாரிக்க போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். தெருவே வாசலில் நின்றது. இவன் என்ன பண்ணினான் என்று என் வீட்டுக்காரியைக் கேட்டார்கள். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. "ரேடியோ கேஸு" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பேச்சு எனக்கு முன்னால் கம்பெனிக்குப் போய்விட்டது.

கம்பெனியில் எனக்கு ஒரு கூட்டாளி. மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம், உறவு ஒன்றும் இல்லை. தோலின் உள்பக்கத்துச் சதையைச் சீவுகிற மிஷினில் அவனுக்கு வேலை. அந்த மிஷின் அவன் வலது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. கடைசி இரண்டு. அதைப் பற்றி யாராவது வருத்தமாகப் பேசினால் அவனுக்குப் பிடிக்காது. டீக்கடையில் அந்தக் கையைத்தான் தூக்கிக் காட்டுவான். "மூணு டீ. அதுக்கு மேல கேக்காத, என் கையில கணக்கு வராது" என்பான்.

அன்றைக்கு டீ கிளாஸை வாயருகே பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஹலோ, ஹலோ. ஆம்பூர் போலீஸ் டேசனா? இங்க ஒரு கைதி டீ குடிக்கிறாரு. சக்கர கம்மி, டிக்காசன் ஜாஸ்தி. இன்னா செய்யட்டும்? ஓவர்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

"சொல்லு மச்சான், இன்னாவோ பாசை இருக்காமே. ஏ ஃபார் ஆப்பிள் இல்லயாமே."

"ஆல்பா."

"பி?"

"பிராவோ."

"பி ஃபார் பாப்பான்னு உன் வூட்டுக்காரி சொன்னாளே?"

"அது வேற பி. பென்சிலுக்கு வர்ற பி."

"ரெண்டு பி வெச்சிருக்கான்யா இவன்" என்று கடைக்காரரிடம் சொன்னான். ரொம்ப நாளைக்கு என்னைப் பார்த்தால் பாப்பா, பாப்பா என்று கூப்பிடுவார்கள்.

கேலி எல்லாம் முடிந்து ஷிப்டு விட்டு நடக்கும்போது அவன் தனியாகக் கேட்டான். "நெசமாவே டவர் இல்லாம பேசுமா? எங்க ஊரு பள்ளத்துல கூட?" அவன் ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம். கரையை ஒட்டி வீடு. மண் சுவர், மேலே ஓடு. போன் எப்போதும் அங்கே சரியாக எடுக்காது. "வந்து பேசிக் காட்டு" என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அதற்குள் என் பை தயாராகியிருந்தது. சங்கத்தில் கொடுத்த கைசெட். செப்புக் குழாயை வளைத்து நானே செய்த ஆன்டெனா, அதைத் தூக்கி நிறுத்த பிளாஸ்டிக் பைப். பைக் பேட்டரி ஒன்று. பாலித்தீன் கவர், டார்ச், கயிறு. பேனா இல்லை, பென்சில், மழையில் மை ஓடிவிடும். காதில் மாட்டிக் கேட்கிற வயர் ஒன்று, அது எல்லோர் பையிலும் அடியில் கிடக்கும். பைப்பை அவன் வீட்டுப் புங்க மரத்தில் கட்டினோம். மலை மேல் எங்கள் சங்கத்துப் பெட்டி ஒன்று இருக்கிறது. நாங்கள் பேசுவதை வாங்கி உயரத்திலிருந்து திருப்பி அனுப்பும். அதனால் ஒருவர் பேசினால் செட் வைத்திருக்கிற எல்லோருக்கும் கேட்கும். மேடத்தைக் கூப்பிட்டேன். வேலூரிலிருந்து அவர் குரல் அந்த மரத்தடியில் வந்தது.

கூட்டாளி வாயைப் பிளந்தான். அவன் பெண்சாதி சட்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"அந்தம்மா எங்க உக்காந்துக்கிறாங்கண்ணா?"

"வேலூர்லம்மா."

"பக்கத்துல இருக்கற மாதிரி வெளங்குது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள், "உன் குரலே வேற மாதிரி இருக்குதுண்ணா இதுல. டிவில பேசறவங்க மாதிரி."

அவள் சொன்னது நிஜம். மேடம் என் குரலைப் பிடித்துத் திருத்தியிருந்தார். செட்டை வாய்க்கு நேரே பிடிக்காதே, ஒரு சாண் தள்ளி, சாய்த்துப் பிடி. பட்டனை அழுத்து, ஒரு மூச்சு நேரம் பொறு, பிறகு பேசு. நாலைந்து வார்த்தை, நிறுத்து. முடித்தால் ஓவர் சொல். எழுதிக் கொடுத்ததை எழுதினபடி சொல். கூட்டாதே, குறைக்காதே. நான் வீட்டில் பழகினேன். தீப்பெட்டியில் இருப்பதை, சோப்புக் கவரில் இருப்பதை எல்லாம் வாசித்தேன். என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து, "இவ்ளோ நிதானமா என்கிட்ட ஒரு நாளு பேசியிருக்கியா நீ?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள்.

இன்னும் இரண்டு சொல்லிக் கொடுத்தார். ஒன்று, அடிபட்டவர் பேரையும் செத்தவர் பேரையும் ரேடியோவில் சொல்லக் கூடாது. யார் யாரோ கேட்பார்கள். இன்னொன்று, செத்திருந்தால் செத்தார் என்றே சொல்ல வேண்டும். இது எங்களுக்கு வராது. எங்கள் பக்கத்தில் சாவை யாரும் நேராகச் சொல்வதில்லை. ரொம்ப சீரியஸாக இருக்கிறது, கிளம்பி வா என்போம். கேட்கிறவனுக்கும் தெரியும், சொல்கிறவனுக்கும் தெரியும். அழுதுகொண்டே பஸ் ஏறுவான். பயிற்சியில் ஒருவர் அப்படித்தான் சொன்னார். ஒருவர் இறந்துவிட்டார் என்ற சீட்டை எடுத்து, ஒருவர் சீரியஸ் என்று வாசித்தார். மேடம் நிறுத்தினார். "நீங்க சீரியஸ்னு சொன்னா நான் படகு அனுப்புவேன். உயிரோட ஒருத்தர் கூரை மேல நின்னுட்டு இருப்பார். அந்தப் படகு இவருக்கு வந்துடும். புரியுதா?" புரிந்தது. நல்லவேளை அது நான் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பாலாறு என்றால் எங்களுக்கு மணல்தான். லாரி போகும், மாடு போகும், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும். எனக்கு லைசென்ஸ் வந்த பிறகு வந்த மழைக்காலத்தில் மேலே அணையைத் திறந்துவிட்டார்கள், இங்கேயும் விடாமல் பெய்தது. கரைக்குக் கரை தண்ணீர். கம்பெனியை மூடினார்கள். போன் இன்னும் எடுத்துக்கொண்டிருந்தபோதே மேடம் கூப்பிட்டார். அந்தப் பக்கத்து ஊர் உங்களுக்குப் பழக்கம்தானே, போவீர்களா என்றார். போனேன். கூட்டாளியின் ஊர். மேட்டில் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடம். அதன் மொட்டை மாடியில் ஆன்டெனா, கீழே வகுப்பறையில் நான்.

பொம்பளைகளையும் பிள்ளைகளையும் டிராக்டரில் ஏற்றி, பாலத்தின் மேல் தண்ணீர் ஏறுவதற்குள் ஆற்றைத் தாண்டி எங்கள் கரைக்குக் கொண்டுவந்து ஒரு கல்யாண மண்டபத்தில் விட்டிருந்தார்கள். மண்டபத்தில் செட்டோடு அந்தக் காலேஜ் பொண்ணு. ஆம்பளைகள் ஆடு மாட்டுக்காக ஊரிலேயே நின்றார்கள். கூட்டாளியும் நின்றான். ஆட்டை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றானாம். என்னைப் பள்ளிக்கூடத்தில் பார்த்ததும், "பாப்பா, பாப்பா, எங்க ஆட்டுக்குத் தழை இல்லன்னு கவர்மென்ட்டுக்குச் சொல்லு" என்றான்.

"ராத்திரி இங்க வந்து படு. உன் சுவர் ஊறிப் போய் இருக்கும்."

"உன் கொறட்டைக்கு எங்க சுவரே மேல்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

டவர் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த ஊருக்கு வாய் நான்தான். அரிசி வேண்டும், பால் பவுடர் வேண்டும், சர்க்கரை வியாதிக்காரருக்கு ஊசி மருந்து வேண்டும். வி.ஏ.ஓ. எழுதிக் கொடுப்பார், நான் சொல்வேன். ஒரு மூச்சு பொறுத்து, நாலு வார்த்தை, நிறுத்தி. மருந்து வந்தது. அரிசி வந்தது. கேட்டது வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆனது. சாயங்காலம் மேடம் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "உங்க குரல்தான் அண்ணா எல்லாத்தையும் விட தெளிவா இருக்கு. மத்தவங்க இத மாதிரி பேசுங்க." அந்த மைதானத்தில் சிரித்தவர்களும் அதைக் கேட்டிருப்பார்கள். கேட்கட்டும் என்று இருந்தது.

மறுநாள் விடிந்ததும் ஊர்க்காரர்கள் ஓடி வந்தார்கள். ஆற்றோரத்தில் சுவர் விழுந்து ஆள் போய்விட்டது. தூக்கி வந்து பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கிடத்தி, தார்ப்பாயைப் போர்த்தினார்கள். தார்ப்பாய்க்கு வெளியே கை தெரிந்தது. வலது கை. முகத்தைப் பார்க்க வேண்டிய தேவை இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. சொல்ல வேண்டிய வேலை இருக்கிறது என்றுதான் தோன்றியது. வி.ஏ.ஓ. சீட்டோடு வந்தார். பேர், அப்பா பேர், ஊர் எல்லாம் எழுதியிருந்தார்.

"பேர் சொல்லக் கூடாது சார். ரூல்ஸு."

"பேர் இல்லாம எப்படிய்யா? ஆஸ்பத்திரில யாரு இன்னான்னு கேப்பான்ல?"

"அடையாளம் எழுதுங்க சார்."

பேரை அடித்துவிட்டு எழுதினார். கடைசியில் அவசரமா இல்லையா என்று நாங்கள் சொல்ல வேண்டும். அதை அவர் எழுதவில்லை. கேட்டேன். "அதெல்லாம் உனக்குத்தான்யா தெரியும்" என்றார். கீழ்த் தெருவில் ஒரு கர்ப்பிணியை எடுக்கப் படகு கேட்டிருந்தோம், அது இன்னும் வரவில்லை. இருக்கிற வண்டியும் படகும் முதலில் அவளுக்குப் போக வேண்டும். நானே பென்சிலால் கடைசி வரியை எழுதினேன்.

பட்டனை அழுத்தினேன். ஒரு மூச்சு பொறுத்தேன்.

"செய்தி. ஆண் ஒருவர். சுவர் விழுந்து இறந்துவிட்டார். வயது ஐம்பதுக்கு மேல். வலது கையில் கடைசி இரண்டு விரல் இல்லை. உடலை எடுக்க வண்டி வேண்டும். அவசரம் இல்லை. ஓவர்."

குரல் நடுங்கவில்லை. ஒரு வார்த்தை பிசகவில்லை. கூட்டாளி தாழ்வாரத்தில் கிடக்கிறான், நான் உள்ளே உட்கார்ந்து நன்றாகச் சொன்னேன் என்று நினைத்தேன். இப்போதும் அதை நினைத்தால் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வாங்கின செய்தியைத் திருப்பிச் சொல்வது வழக்கம். மேடம் திருப்பிச் சொன்னார். ஆண் ஒருவர். வலது கையில் கடைசி இரண்டு விரல் இல்லை. அவர் குரலும் தெளிவாக இருந்தது.

அதற்குப் பிறகு மண்டபத்து செட் திறந்தது. யாரும் பேசவில்லை. பட்டன் மட்டும் அழுந்தியிருந்தது. உள்ளேயிருந்து ஒரு பொம்பளை அலறுகிற சத்தம். பிறகு நிறைய பொம்பளைகள் சத்தம். பட்டன் விட்டுப் போய் எல்லாம் நின்றுவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மண்டபத்தில் செட்டைச் சுற்றி ஊரே நின்றிருக்கிறது. தங்கள் ஊர்ச் செய்திக்காகக் காலையிலிருந்து நின்றிருக்கிறார்கள். கூட்டம் பெரிசு, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று அந்தப் பொண்ணு சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தது. அதைக் குற்றம் சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பேன். எங்கள் பக்கத்தில் மிஷினுக்கு விரல் கொடுத்தவர்கள் நிறைய பேர். ஒருத்தனுக்குக் கட்டை விரல், ஒருத்தனுக்கு நடு விரல். யாருக்கு எது இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஊரில் வலது கையில் கடைசி இரண்டும் இல்லாதவன் ஒருத்தன்தான். அவன் பேரைச் சொல்லியிருந்தால்கூட, அதே பேரில் அங்கே இன்னும் ரெண்டு பேர் இருந்தார்கள். அவன் பெண்சாதி கொஞ்ச நேரம் வேறு யாரோ என்று நினைத்திருப்பாள்.

பேர் வேண்டாம் என்றவனும் நான். அடையாளம் எழுதச் சொன்னவனும் நான்.

செட்டில் மேடம் குரல் வந்தது. "மண்டபம், செட்ட உள் ரூமுக்கு எடுத்துட்டுப் போங்க. காதுல மாட்டிக்கோங்க." பிறகு, "அண்ணா, உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"கூட வேலை செய்யறவன் மேடம். ஓவர்."

அந்த ஓவரை நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை. பழக்கத்தில் வந்துவிட்டது.

படகு வந்தது. கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு சுற்று வழியாக வண்டி வந்து அவனை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. நான் தொட்டுத் தூக்கினேன். அவன் கையைத் தார்ப்பாய்க்குள் எடுத்து வைத்தேன். கூடப் போக முடியவில்லை. செட்டை விட்டுப் போக ஆள் இல்லை. அன்றைக்கு முழுக்க அரிசியும் பாலும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவனை அடக்கத்துக்கு எடுத்தபோதும் நான் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தேன். தண்ணீர் வடிந்து திரும்பினபோது எல்லாம் முடிந்திருந்தது. அவன் பெண்சாதி தங்கியிருந்த சொந்தக்காரர் வீட்டுக்குப் போனேன். அவள் உள்ளே சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அண்ணன் வந்திருக்காரு என்று யாரோ சொன்னார்கள். அவள் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

கம்பெனி திறந்தார்கள். டீக்கடையில் எனக்கு இடம் விட்டு நின்றார்கள். ஒருவன் மட்டும் கேட்டான், "நீதானாமே, மைக்கு போட்டு ஊருக்கே சொன்னவன்?" அவனும் அந்த ஊர்க்காரன். நான் டீயைக் குடித்தேன். பாப்பா என்று கூப்பிட யாரும் இல்லை.

செட்டைத் திருப்பிக் கொடுக்க வேலூர் போனேன். மேடம் வாங்கவில்லை. மேஜை மேல் வைத்தேன், எடுத்து என் பையிலேயே போட்டார். "உங்களுக்குப் பதிலா நான் குடுத்துட்டுப் போகணும்ணா" என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

அடுத்த வகுப்பில் அவர் இதைச் சொன்னார். யார் என்று சொல்லவில்லை. ஓர் ஆபரேட்டர் என்றார். இனிமேல் இறப்புச் செய்தியில் பேரும் இல்லை, அடையாளமும் இல்லை, எண் மட்டும்தான், செய்தி வாங்குகிறவர் முதலில் காதில் வயரை மாட்ட வேண்டும், வீட்டாருக்கு ஒரு மனுஷன் நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும் என்றார். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். புதிதாகச் சேர்ந்த ஒருவர் எழுதிக்கொண்டே கேட்டார்:

"அந்த ஆளு இன்னா லூசா மேடம்? வெரல போயி சொல்லுவாங்களா?"

காலேஜ் பொண்ணு என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு உடனே முன்னால் திரும்பிக்கொண்டது.

"நான் சொல்லிக் குடுத்தத அப்படியே செஞ்சாரு" என்றார் மேடம்.

கேட்டவர் அதையும் எழுதிக்கொண்டார். எழுந்து, நான்தான் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பயம்.

கூட்டாளியின் பெண்சாதி ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். என் வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும். இடிந்த வீட்டை விட்டுவிட்டு, பிள்ளைகளோடு இந்தப் பக்கம் எங்கள் ஏரியாவிலேயே வாடகைக்கு வந்துவிட்டாள். காலையில் கம்பெனி பஸ் நிற்கிற இடம் என் வழியில்தான். நான் வேறு தெருவாகச் சுற்றிப் போக ஆரம்பித்தேன். அந்தத் தெரு தூரம். நாயும் ஜாஸ்தி. ஆனாலும் அதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு நாள் அந்தத் தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். வேறு வழி இல்லை. பஸ் நிற்கிற இடத்தில் பொம்பளைகள் டிபன் பையோடு நின்றிருந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

"அண்ணா."

நின்றேன். அவள் கூட்டத்திலிருந்து தள்ளி வந்தாள். இளைத்திருந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது.

"சாப்டியாண்ணா?"

"ஆச்சும்மா."

"சுத்திப் போறியாமே. உன் வூட்ல சொன்னாங்க."

அவள் பையைக் கை மாற்றிக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். கேட்டா சொல்லுவியா?"

"கேளும்மா."

"அன்னிக்கு உன் குரல்தான்னு எனக்கு உடனே தெரிஞ்சுபோச்சு. நல்லா வெளங்குச்சு. வெரலுன்னு சொன்ன வரைக்கும் கேட்டேன். அப்புறம் காது அடைச்சுக்கிச்சு. நீ இன்னும் ஏதோ சொன்ன. அந்தப் பொண்ணக் கேட்டா அழுவுதே ஒழிய சொல்ல மாட்டேங்குது. கடைசியா இன்னா சொன்ன?"

"வண்டி வேணும்னு சொன்னேன். எடுத்துனு போக."

"அப்புறம்?"

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் திருப்பத்தில் வருகிற சத்தம் கேட்டது. அது சீக்கிரம் வந்துவிடக் கூடாதா என்று பார்த்தேன். வரவில்லை.

"அவசரம் இல்லன்னு சொன்னேன்."

"அது அந்த ஆபீசரு எழுதுனதா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த வி.ஏ.ஓ. வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார்.

"இல்லம்மா. அத நான்தான் எழுதுனேன்."

பஸ் வந்து நின்றது. மற்றவர்கள் ஏற ஆரம்பித்தார்கள். அட்டையைச் சேலைக்குள் தள்ளிக்கொண்டாள்.

"ம்" என்றாள். "அப்புறம் இன்னா அவசரம்."

பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏறினாள். இடம் இல்லை, படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றாள். பஸ் கிளம்பியது. என்னைப் பார்த்தாளா என்று தெரியாது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.